நட்டத்தில் பங்கு

ஜனவரி 6

நகைக்கடையில் கொடுத்த டைரி இது. போன வருஷம் வரைக்கும் பால் கணக்குத்தான் எழுதுவேன். இப்போது சாயங்காலம் கைக்கு வேலை இல்லை. எழுதிப் பார்ப்போம்.

பீடி சுற்றுவதை விட்டு ஒரு வாரம் ஆகிறது. இன்னும் புகையிலைத் தூள் உள்ளே போனால் நெஞ்சு தாங்காது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பதினாறு வயதில் பீடித்தட்டை மடியில் வைத்தவள் நான். இப்போது என் மகள் ஷிஃபானாவுக்கே பதினாறு. மடி லேசாக இருப்பது ஒரு மாதிரியாக இருக்கிறது.

அவங்களுக்கு, ஷிஃபானாவின் வாப்பாவுக்கு, போனில் சொன்னேன். சவூதியில், தம்மாமில் ஒரு கம்பெனியில் ஏசி குழாய் மாட்டும் வேலை அவங்களுக்கு. "விட்டுரு செய்தலி, உடம்புதான் முக்கியம்" என்றாங்க. பின்னால் நாலைந்து பேர் பேசும் சத்தம் கேட்டது. அங்கே அது வேலை நேரம். இன்று லீவு போல.

ஜனவரி 19

ஷிஃபானா ஹோட்டல் பரோட்டா வேண்டும் என்றாள். நானே போட்டேன். என் வாப்பா பரோட்டா மாஸ்டராக இருந்தவர். பொம்பளைப் பிள்ளைகளைக் கல் பக்கத்தில் விடமாட்டார். ஆனால் பார்க்க விடுவார். பார்த்ததுதான் கைக்கு வந்தது. முதல் இரண்டு கிழிந்தது, மூன்றாவது பூவாக விரிந்தது.

பக்கத்து வீட்டு ஜொஹரா நாலு வாங்கிப் போனாள். பஜாரில் ஹோட்டல் வைத்திருக்கும் சாகுல் பாய் அவளுக்குத் தூரத்துச் சொந்தம். அவருக்கும் ஒன்று கொடுத்திருக்கிறாள். அவருடைய மாஸ்டர் கேரளாவுக்குப் போய்விட்டாராம். அரைவேக்காடாகப் போட்டுக் கொடுத்தால் தினமும் வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லி அனுப்பினார்.

கையால் பிசைந்து கொடுக்கிற அளவு இல்லை அது.

ஜனவரி 27

மாவு பிசையும் மெஷினுக்குப் பணம் வேண்டும். வாரக் கடன் கொடுக்கிற குழுவில் சேரலாம் என்று நினைத்தேன். இன்று காலையில் அந்தக் குழுவின் வசூல் ஆள் ஜொஹரா வீட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டான். வட்டியோடு இந்த வாரத் தவணையைக் கொடுக்கும் வரை எழுந்திருக்கமாட்டேன் என்று. அவள் கதவுக்கு உள்ளே, அவன் வெளியே. தெருவே பார்த்தது. கடைசியில் கொலுசைக் கழற்றிக் கொடுத்தாள்.

எனக்கு வேண்டாம் அது.

பிப்ரவரி 3

ஹபீபா டீச்சர் வீட்டுக்குப் போனேன். எங்கள் பகுதிப் பெண்கள் சிறுகச் சிறுகப் பணம் போட்டு ஒரு மகளிர் பைத்துல்மால், அதாவது பொது நிதி, நடத்துகிறார்கள். சங்கம் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். டீச்சர்தான் செயலாளர்.

"எவ்வளவு வட்டி டீச்சர்?" என்று கேட்டுவிட்டு, மார்க்கத்தில் வட்டி கூடாதே என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவர் சிரிக்கவில்லை. "இது கடனே இல்லம்மா. மெஷின், சரக்கு எல்லாம் சங்கம் போடும். உழைப்பு நீங்க போடுவீங்க. கூட்டு வியாபாரம். லாபத்துல பத்துக்கு ஆறு உங்களுக்கு, நாலு சங்கத்துக்கு."

"நட்டம் வந்தா?"

"எங்களுக்குப் பணம் நட்டம். உங்களுக்கு உழைப்பு நட்டம்."

"அப்ப நான் என்ன ஈடு வைக்கணும்?"

"ஒண்ணும் வேண்டாம். கணக்க மறைக்காம காட்டணும். அசட்டையா இருந்து கெடுத்தா மட்டும் நீங்க பொறுப்பு."

வீட்டுக்கு வந்து அவங்களிடம் சொன்னேன். "ஏமாத்துறாங்க. நட்டத்த யாரு ஏத்துக்கிடுவா உலகத்துல?" என்றாங்க. கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போன குரலில் சொன்னாங்க.

பிப்ரவரி 12

மெஷின் வந்தது. வாசலில் நுழையவில்லை. கதவைக் கழற்றித்தான் உள்ளே கொண்டுபோனோம்.

பிப்ரவரி 15

தோள்பட்டை இரண்டும் என்னுடையது இல்லை. ஜொஹராவும் வேலைக்கு வருகிறாள். வீசும்போது மாவு அவள் தலை முக்காட்டில் போய் ஒட்டியது. இரண்டு பேரும் சிரித்து, வேலை அரை மணி நேரம் நின்றுபோனது. பீடி சுற்றும்போது நாங்கள் சிரித்ததே இல்லை என்று இல்லை. ஆனால் இருமல் வராமல் சிரிப்பது புதுசு.

பிப்ரவரி 24

இந்த மாதமும் பணம் வரவில்லை. கம்பெனியில் சம்பளம் தள்ளிப் போடுகிறார்களாம். "எல்லாருக்குமா?" என்று கேட்டேன். "எல்லாருக்கும்தான்" என்றாங்க. பெரிய கம்பெனிகளில் அப்படி நடப்பது உண்டு.

மார்ச் 18

நோன்பு மாதம் இப்படி ஒரு வியாபாரத்தைக் கொண்டுவரும் என்று நினைக்கவில்லை. விடியும் முன் சஹர் சாப்பாட்டுக்கு எழுந்து பரோட்டாவைக் கல்லில் போட்டு எடுத்தால் போதும் என்பதால் வீடுகளிலேயே பாக்கெட் கேட்கிறார்கள். மத்தியானம் லுஹர் தொழுதுவிட்டு மாவில் கை வைத்தால், நோன்பு திறக்கும் நேரம்தான் நிமிர்கிறோம். உருண்டை பிடிக்க இன்னும் இரண்டு பெண்களைச் சேர்த்தேன். இருவரும் பீடித்தட்டை விட்டு வந்தவர்கள்தான். விரல் வேகம் அப்படியே இருக்கிறது.

அவங்க அங்கே பள்ளிவாசல் பந்தலில்தான் தினமும் நோன்பு திறக்கிறாங்களாம். "கம்பெனி மெஸ் என்னாச்சு?" என்றேன். நோன்புக்கு மூடிவிட்டார்களாம். வீடியோவில் வரச் சொன்னேன். போனில் கேமரா உடைந்துவிட்டதாம்.

கண்ணால் பார்த்து மூன்று மாதம் இருக்கும். சரி, குரல் நன்றாகத்தான் இருக்கிறது.

மார்ச் 31

பெருநாள். ஷிஃபானாவுக்கு நானே துணி எடுத்துக் கொடுத்தேன். என் கைக்காசில் பெருநாள் துணி, இதுதான் முதல் தடவை. பச்சை நிறம், கையில் மணி வேலை. கண்ணாடி முன்னால் ரொம்ப நேரம் நின்றாள்.

பிறகு வந்து, "உம்மா, வாப்பா கேட்டா அவங்க முன்ன அனுப்புன காசுல எடுத்ததுன்னு சொல்லுவோமா?" என்றாள்.

"ஏன் அப்படிச் சொல்லணும்?"

"சும்மாதான்."

பிள்ளைகள் என்னென்னவோ நினைக்கும். நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

ஏப்ரல் 9

சங்கத்துக்கு முதல் லாபப் பங்கைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். டீச்சர் வாங்கி, துஆ செய்துவிட்டு, பணம் போட்ட பெண்களின் பெயர்களைச் சொன்னார். அதிகம் போட்டிருப்பது முட்டை விற்கும் மீராள் லாத்தா. மக்காவுக்கு உம்ரா போகச் சேர்த்துவைத்த பணம். தெருவில் எல்லாரும் அவர் வாய்க்குப் பயப்படுவார்கள். நானும்தான். அவர் காசில்தான் என் மெஷின் ஓடுகிறது என்று இத்தனை நாள் தெரியாமல் போனது நல்லது. தெரிந்திருந்தால் மாவில் கையே வைத்திருக்கமாட்டேன்.

ஏப்ரல் 26

பெரிய ஆர்டர். மே மாதம் ஒரு கல்யாண வீட்டில் மூன்று நாளைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பரோட்டா. முன்பணம் கொடுத்துவிட்டார்கள். சங்கம் ஒரு பெரிய ஃப்ரீசர் வாங்கிக் கொடுத்தது. ஜொஹரா அதைத் துடைத்துத் துடைத்துப் பார்க்கிறாள்.

மே 8

கரண்டு இல்லை. நேற்று மத்தியானம் டிரான்ஸ்பார்மர் வெடித்தது. சாயங்காலம் வரும் என்றார்கள், காலையில் வரும் என்றார்கள். ஐஸ் வாங்கிக் கொட்டினேன். இந்த வெயிலுக்கு ஐஸ் கண் முன்னாலேயே தண்ணீராகிறது.

மே 9

புளித்த வாடை. எல்லாப் பாக்கெட்டிலும் இல்லை. அதுதான் கஷ்டம். சிலது நன்றாக இருக்கிற மாதிரியும் இருக்கிறது, இல்லாத மாதிரியும் இருக்கிறது.

சாகுல் பாய் வந்து பார்த்தார். "கல்லுல நல்லா சூடாக்கி சால்னாவ ஊத்திட்டா யாருக்குத் தெரியப்போவுது? பாதி விலைக்கு நான் எடுத்துக்கிடுதேன். முழுசும் போறதுக்கு இது தேவலைல்லா?" என்றார். கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. எனக்கு உதவுவதாகத்தான் நினைத்தார்.

ஒரு பாக்கெட்டைப் பிரித்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அப்போது ஷிஃபானா பசிக்கிறது என்று உள்ளே வந்தாள். நான் அதைச் சட்டென்று மூடினேன். மூடின பிறகு யோசிக்க ஒன்றும் இல்லை.

எல்லாவற்றையும் குழி தோண்டிக் கொட்டினோம். ஜொஹரா அழுதாள். கல்யாண வீட்டுக்குப் போய் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அந்த வீட்டம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன்.

மே 11

சங்கக் கூட்டம். டீச்சர் வீட்டு ஹாலில் பாய் விரித்து உட்கார்ந்தோம். நடந்ததைச் சொன்னேன். நடுவில் டீச்சர் தண்ணீர் கொடுத்தார்.

"கரண்டு நம்ம கையில இல்ல. இதுல அசட்டை ஒண்ணும் தெரியல. நட்டம்தான். பேசினபடி சங்கம் ஏத்துக்கும்" என்றார் டீச்சர்.

மீராள் லாத்தா எழுந்தார். "சங்கம்னா யாரு டீச்சர், இந்தச் சுவரா? நாங்கதான. அந்த மனுசன் பாதி விலைக்கு எடுக்கேன்னு சொல்லிருக்காரு. இவ எதுக்குக் கொட்டினா? வாடை வந்துச்சாம். ஒரு வாடைக்கு என் உம்ராக் காசு குழிக்குள்ள போவணுமா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஷிஃபானாவுக்குக் கொடுக்க எனக்கு மனசு வரல லாத்தா. அவளுக்குக் கொடுக்க முடியாதத அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு எப்படிக் கொடுக்க?" என்றேன்.

அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். மெஷினை விற்றுவிடலாமா, தொடரலாமா என்று டீச்சர் கை தூக்கச் சொன்னார். தொடரலாம் என்று நிறையக் கைகள். ஆனால் எனக்கு அந்தக் காலி இடம்தான் கண்ணில் நின்றது.

மே 12

காலையில் கதவைத் திறந்தால் மீராள் லாத்தா நிற்கிறார்.

"என் காசு என்ன செய்யுதுன்னு பாக்க வந்தேன்" என்றார். உள்ளே வந்து ஒரு மூலையில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். "ஏளா, இம்புட்டு எண்ணெயா ஊத்துவ?" என்றார். இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு வந்து உருண்டை பிடிக்க ஆரம்பித்துவிட்டார்.

"லாத்தா, நீங்க எதுக்கு?"

"நட்டத்துல பங்கு இருக்குல்லா எனக்கு. அப்ப வேலையிலயும் இருக்கும்."

உருண்டைகள் பெரிதும் சிறிதுமாக இருந்தன. நான் சொல்லவில்லை. ஜொஹரா சொன்னாள். திட்டு வாங்கினாள்.

மே 20

மீராள் லாத்தா உருண்டைக்கு லாயக்கில்லை, வசூலுக்குத்தான் லாயக்கு. நோன்புச் சமயத்தில் இருந்தே சாகுல் பாய் பாதி பாக்கி வைத்திருக்கிறார். கேட்கக் கூச்சப்பட்டு விட்டுவிட்டேன் என்று தெரிந்ததும் லாத்தா நேரே ஹோட்டலுக்குப் போனார். காலைக் கூட்டத்தில் நடு மேஜையில் உட்கார்ந்து டீ சொன்னாராம். வருகிறவர்கள் போகிறவர்களிடம் எல்லாம் நலம் விசாரித்தாராம். "என்ன லாத்தா இங்க?" என்று கேட்டவர்களிடம், "நம்ம பரோட்டாக் காசு வாங்க வந்தேன். பாய் எண்ணிக்கிட்டிருக்காக" என்று சொன்னாராம். இரண்டாவது டீ வருவதற்குள் பணம் வந்துவிட்டது.

எனக்கு ஜொஹரா வீட்டுப் படியில் உட்கார்ந்தவன் ஞாபகம் வந்தது. அதைச் சொல்லியும் விட்டேன்.

"அவன் இல்லாதவட்ட உக்காந்தான். நான் வச்சிருக்கவன்ட்ட உக்காந்தேன்" என்றார்.

ஐஸ்கிரீம் ஏஜென்சி ஒன்றில் பேசி, ஜெனரேட்டர் உள்ள குளிர்அறையில் எங்கள் பாக்கெட்டுக்கு ஒரு மூலை வாடகைக்கு வாங்கினதும் அவர்தான். ஏஜென்சிக்காரர் என்னிடம், "அந்தம்மா உங்க மாமியாரா?" என்று கேட்டார். "பங்காளி" என்றேன்.

மே 23

வெள்ளிக்கிழமை. அவங்க பேசினாங்க. இத்தனை நாள் நட்டத்தைச் சொல்லாமலே இருந்தேன். திட்டினால் திட்டட்டும் என்று இன்று சொல்லிவிட்டேன்.

திட்டவில்லை. "வாசல்ல வந்து யாரும் சத்தம் போடலியா?" என்று கேட்டாங்க.

"மீராள் லாத்தா போட்டாக. மறுநாள் அவுகளே வந்து மாவும் உருட்டினாக."

"காசத் திருப்பிக் கேக்கலியா?"

"நட்டம்னா சங்கத்துக்கும்னு முதல்லயே பேசினதுதான. மறைக்காம சொன்னா போதும்னாங்க, சொன்னேன்."

போன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன், ஓடிக்கொண்டுதான் இருந்தது. பிறகு, "நாளைக்குப் பேசுதேன்" என்று வைத்துவிட்டாங்க.

மே 25

அவங்க சொல்லிவிட்டாங்க.

கம்பெனி நவம்பரிலேயே மூடிவிட்டது. முதலாளி ஆளே இல்லை. பாஸ்போர்ட் யார் கையிலோ. மலையாளிப் பையன்கள் நாலு பேர் இருக்கும் அறையில் ஒரு மூலையில் இத்தனை மாதம். கார் கழுவியிருக்காங்க. அதுவும் தினமும் இல்லை. டிசம்பர் வரைக்கும் அனுப்பினது அந்தப் பையன்களிடம் வாங்கின கடன்.

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு உன்ட்ட சொல்ல?" என்றாங்க. அழுதாங்க. பதினெட்டு வருஷக் கல்யாணத்தில் அவங்க அழுது நான் கேட்டதில்லை.

"இன்னைக்குச் சாப்பிட்டியளா?" என்று கேட்டேன்.

பிறகு ஷிஃபானாவைக் கேட்டேன். அவளுக்கு ஜனவரியிலேயே தெரியும். நோட்ஸ் வாங்கக் காசு கேட்டிருக்கிறாள், அவளிடம் சொல்லிவிட்டாங்க. உம்மாவிடம் சொல்லாதே என்றும் சொல்லியிருக்காங்க. பதினாறு வயதுப் பிள்ளை தனியாக இதைச் சுமந்திருக்கிறாள்.

எனக்கு ஒன்றுமே தெரியாது என்று இங்கே எழுத வந்தேன். பழைய பக்கங்களைப் புரட்டினேன், எழுத முடியவில்லை.

ஜூன் 2

அங்கே நம் ஊர்க்காரர்கள் வைத்திருக்கும் உதவிச் சங்கம் ஒன்று பேப்பர்களைச் சரிசெய்கிறது. டிக்கெட்டுக்கும் அந்தப் பையன்களுக்குக் கொடுக்க வேண்டியதற்கும் என் பங்கில் இருந்து அனுப்பினேன்.

ஜூன் 7

ஹஜ்ஜுப் பெருநாள். மழை தூறியது. ஆர்டர் நிறைய.

ஜூன் 19

வந்துட்டாங்க. ஒரு சின்னப் பை. இளைத்துப்போய், தாடியில் நரை. ஷிஃபானா ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். நான் சமையல்கட்டில் நின்றுகொண்டேன். அவங்க அங்கே வந்து, மெஷினையும் பெண்களையும் பார்த்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு முன் அறைக்குப் போய்விட்டாங்க.

மீராள் லாத்தா மட்டும் எட்டிப் பார்த்து, "வந்துட்டியா தம்பி. ஸ்கூட்டர் ஓட்டுவியா?" என்று கேட்டார்.

ஜூன் 22

முன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தே இருக்காங்க. தெருவில் யாராவது "எப்ப வந்தீங்க, எத்தன நாள் லீவு?" என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டுமே.

இன்று நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். "நம்ம ஸ்கூட்டர் சும்மாதான் நிக்குது, சரக்கு கொண்டுபோக ஆள் இல்ல. ஆட்டோவுக்கே நிறையப் போவுது. நீங்க போறியளா? சம்பளம் உண்டு" என்றேன்.

"உன்ட்ட நான் சம்பளம் வாங்கணுமா?"

"என்ட்ட இல்ல. கம்பெனில. நான் மட்டுமா கம்பெனி?"

ஜூன் 24

காலையில் ஸ்கூட்டர் சாவியைக் காணோம் என்று தேடினேன். அவங்க ஏற்கெனவே பாக்கெட்டுகளை ஏற்றிக்கொண்டிருந்தாங்க. சட்டை இஸ்திரி போட்டிருந்தது. "ஜங்ஷன் கடைக்கு எத்தன, பாளையங்கோட்டைக்கு எத்தன?" என்று கேட்டாங்க. சொன்னேன். சரியாகக் கேட்டுக்கொள்ளாமல் போய், இரண்டையும் மாற்றிக் கொடுத்துவிட்டு வந்தாங்க. மீராள் லாத்தா திட்டினார். அவங்க சிரிச்சாங்க. வந்த பிறகு சிரித்தது இன்றுதான்.

ஜூலை 13

சங்கக் கூட்டம். எங்கள் கணக்கை வைத்தேன். மே மாதம் போனதில் பெரும்பகுதி திரும்பிவிட்டது. மீதியும் வந்துவிடும் என்று டீச்சர் சொன்னார். "உம்ராக் காச எடுத்துக்கிடுதீங்களா மீராள்?" என்று கேட்டார்.

"கெடக்கட்டும். இவளுகள விட்டுட்டு நான் போனா யாரு வசூல் பண்ணுவா? அடுத்த வருசம் பாத்துக்கிடுவோம்" என்றார் லாத்தா.

பிறகு டீச்சர் என்னைத் தன் பக்கத்தில் வந்து உட்காரச் சொன்னார். புதிதாக ஒரு பெண் விண்ணப்பித்திருக்கிறாள், கேள்வி கேட்க வேண்டும் என்றார். எங்கள் லாபத்தில் இருந்து சங்கத்துக்குப் போன பங்குதான் அவளுக்குப் போகப்போகிறதாம்.

ரிஸ்வானா என்று பெயர். செல்போன் ரிப்பேர் படித்திருக்கிறாள். பெண்கள் தங்கள் போனை ஆண்கள் கடையில் கொடுக்கக் கூச்சப்படுகிறார்கள், அதனால் பெண்களுக்கென்று ஒரு கடை போட வேண்டும் என்றாள். நன்றாகத்தான் பேசினாள். ஆனால் கை இரண்டும் துப்பட்டாவை முறுக்கிக்கொண்டே இருந்தது.

மீராள் லாத்தா கேட்டார்: "எல்லாம் சரிளா. நட்டம் வந்தா என்ன செய்வ?"

அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. "வராம பாத்துக்கிடுவேன். வந்தா... எப்படியாவது யாருக்கும் தெரியாம அடைச்சிருவேன்" என்றாள்.

டீச்சர் என்னைப் பார்த்தார். வெளியே வாசலில் அவங்க ஸ்கூட்டரில் உட்கார்ந்து எனக்காகக் காத்துக்கொண்டிருந்தாங்க. ஜன்னல் வழியாக முதுகு மட்டும் தெரிந்தது.

"அப்படிச் செய்யக் கூடாதும்மா" என்றேன். "அன்னைக்கே வந்து எங்ககிட்ட சொல்லணும். மறைக்கிறதா இருந்தா இப்பவே சொல்லிரு, காசு தரமாட்டோம். சொல்லுறதா இருந்தா, கடையை என்னைக்குத் திறக்க?"

அவள் துப்பட்டாவை விட்டாள். "சொல்லுவேன்" என்றாள்.

"அப்ப எழுதுங்க டீச்சர்" என்றார் மீராள் லாத்தா.